பதிப்பகத்துக்குப் படம் கொடுக்கும் முன்: உரிம ஒப்பந்தத்தை வாசிக்கும் முறை

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையை நீங்கள் வருடாவருடம் படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பதிப்பகத்தார் கூப்பிடுகிறார்கள். கொங்கு நாட்டுத் திருவிழாக்கள் பற்றிப் புத்தகம் போடுகிறார்களாம், உங்கள் படம் 12 வேண்டுமாம். மறுநாளே ஆறு பக்க ஆங்கில ஒப்பந்தம் பிடிஎஃப்பாக வந்துவிடுகிறது. "சும்மா ஃபார்மாலிட்டிதாங்க, கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க" என்று ஒரு குறிப்பும் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது தொகையைத்தான். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாதவரை, பத்தாயிரம் ரூபாய் அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

1. படம் உங்களுடையதுதானா?

நான்தானே ஷட்டரை அழுத்தினேன் என்பது எப்போதும் போதாது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு அவர்தான் முதல் உரிமையாளர். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே அது மாறும். திருப்பூர்க் கம்பெனிக்கு எடுத்துக் கொடுத்த பனியன் கேட்லாக் படம், கல்யாண வீட்டார் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஆல்பம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு இருக்கும்போது வேலையாக எடுத்தது முதலாளிக்குப் போகும். சந்தைக்கு நீங்களாகப் போய் எடுத்ததில் இந்தச் சிக்கல் இல்லை. 12 படங்களின் கோப்புப் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் கடைசியில் அட்டவணையாகச் சேர்க்க அது தேவைப்படும்.

2. உரிமை தரும் பத்தியைத் தேடுங்கள்

பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது பத்தியாக இருக்கும். 'கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்' என்று தலைப்பு இருக்கலாம். உங்கள் நேரத்தில் பாதியை இங்கேயே செலவழியுங்கள்.

முதலில் அங்கே இருப்பது 'அசைன்' என்ற சொல்லா, 'லைசென்ஸ்' என்ற சொல்லா என்று பாருங்கள். முன்னது தோட்டத்தைக் கிரயம் செய்து கொடுப்பது, பின்னது குத்தகைக்கு விடுவது. ஒரு புத்தகத்தில் அச்சிடக் குத்தகை போதும். கிரயம் கேட்கிறவர்களிடம் காரணம் கேளுங்கள். சில பதிப்பகங்கள் எங்கிருந்தோ எடுத்த மாதிரியை அப்படியே அனுப்புகிறார்கள், கேட்டதும் மாற்றிவிடுகிறார்கள்.

அப்புறம் நான்கு விஷயம்: எதில், எத்தனை, எங்கே, எவ்வளவு காலம். வழக்கமாக வரும் வாசகத்தின் சாரம் இப்படி இருக்கும்:

"படங்களை எல்லா ஊடகங்களிலும், இனி வரப்போகும் ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக, பிரத்யேகமாகப் பயன்படுத்தவும், பிறருக்கு உள்உரிமம் தரவும் பதிப்பகத்துக்கு உரிமை உண்டு."

இதில் கையெழுத்திட்டால், குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கும் அந்தப் படம் சிவகாசியில் மாதக் காலண்டராக அச்சாகலாம். பதிப்பகம் அதை ஒரு தீவனக் கம்பெனி விளம்பரத்துக்கும் கொடுக்கலாம். 'பிரத்யேகம்' என்ற சொல் இருப்பதால், உங்கள் சொந்தக் கண்காட்சியில் மாட்டக்கூட அவர்களைக் கேட்க வேண்டியிருக்கும். 'நிரந்தரம்' என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போதைய சட்டப்படி புகைப்படத்தின் காப்புரிமை எடுத்தவரின் வாழ்நாள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும்.

அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்:

"அட்டவணையில் உள்ள 12 படங்களை, இந்தப் புத்தகத்தின் முதல் தமிழ் அச்சுப் பதிப்பில், 1,000 பிரதிகள் வரை, இந்தியாவுக்குள், 3 ஆண்டுகளுக்கு, உள்பக்கங்களில் மட்டும், பிரத்யேகமற்ற முறையில் பயன்படுத்தலாம். அட்டை, மின்நூல், மறுபதிப்பு, மொழிபெயர்ப்பு, விளம்பரம் ஆகியவற்றுக்குத் தனியாக எழுத்தில் அனுமதி பெற வேண்டும்."

எண்களை நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மின்நூலும் சேர்த்தே கேட்டால் நான் கொடுத்துவிடுவேன், இன்று அது இல்லாமல் யாரும் புத்தகம் போடுவதில்லை. அட்டையை மட்டும் சும்மா விட மாட்டேன். புத்தகத்தை விற்றுக் கொடுப்பதே அந்தப் படம்தான்.

காலமும் எல்லையும் குறிப்பிடாமல் விட்டிருந்தால் பதற வேண்டாம். சட்டத்தின் 19ஆவது பிரிவு, காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. உரிமங்களுக்கும் இதே கணக்குதான். ஆக, வெற்றிடம் உங்கள் பக்கம். 'பெர்ப்பெச்சுவல்' (நிரந்தரம்) என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

3. பெயரும் வெட்டலும்

பெயர் எங்கே, எப்படி வர வேண்டும் என்று எழுத்துக்கூட்டல் உட்பட எழுதச் சொல்லுங்கள். படத்துக்குக் கீழே இடமில்லை என்றால் படங்களின் பட்டியல் பக்கத்தில் வரட்டும். காப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, எடுத்தவர் என்று உரிமை கோரவும், பெயருக்குக் களங்கம் வரும்படி படத்தைச் சிதைத்தால் தடுக்கவும் இடம் தருகிறது. ஒப்பந்தத்தில் 'மாரல் ரைட்ஸ்' எனப்படும் இந்த உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். பக்க அமைப்புக்காக ஓரம் வெட்டுவதில் தகராறு செய்ய வேண்டாம். குதிரைக்காரரை வெட்டிவிட்டுக் குதிரையை மட்டும் போடுவதற்கு முன் கேட்க வேண்டும் என்று ஒரு வரி போதும்.

4. பொறுப்பு யார் தலையில்?

'இன்டெம்னிட்டி' என்ற பத்தி. வழக்கு வந்தால் முழுச் செலவும் உங்களுடையது என்று சொல்லும். படம் நான் எடுத்தது, வேறு யாருக்கும் பிரத்யேகமாகக் கொடுக்கவில்லை என்று உறுதி கொடுப்பது நியாயம். அதற்கு மேல் வேண்டாம். பதிப்பகம் எழுதும் படக்குறிப்பால் வரும் வம்புக்கு நீங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? பொறுப்புக்கு உச்சவரம்பாக, உங்களுக்குக் கிடைத்த தொகையை வைக்கச் சொல்லுங்கள். படத்தில் முகம் தெரிகிறவர்களிடம் எழுதி வாங்கிய சம்மதம் இல்லையென்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விளம்பரப் பயன்பாட்டை மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

5. இப்போது தொகை

'வெளியான பின் பணம்' என்று இருந்தால், புத்தகம் வராமலே போனால் என்ன என்று கேளுங்கள். படம் கொடுத்த 30 நாளில் பாதி, மீதி அச்சானதும் என்பது இரு பக்கமும் ஒத்துவரக்கூடியது. ஓராண்டுக்குள் அச்சிடாவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்றும் ஒரு வரி சேருங்கள். பான் எண் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டிடிஎஸ் கூடுதலாகப் பிடிப்பார்கள். புத்தகப் பிரதிகளையும் கேளுங்கள், இரண்டு பிரதியாவது தருவார்கள்.

6. அனுப்பும் வரிசை

திருத்தங்களை ஃபோனில் பேசி முடித்தாலும், பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். புது வரைவு வந்ததும் பழையதோடு வரிவரியாக ஒப்பிடுங்கள், சொல்லாத இடத்திலும் சில சமயம் மாறியிருக்கும். தொகை பெரிதாகவோ, கிரயமே வேண்டும் என்று பிடிவாதமாகவோ இருந்தால் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

இரு தரப்பும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்ட பிரதி கைக்கு வரும்வரை, தேர்வுக்கு 1,200 பிக்சல் அளவுப் படங்களே போதும். வந்த பிறகு பெரிய கோப்பு. 8க்கு 10 அங்குலத்தில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 2,400க்கு 3,000 பிக்சல் வேண்டும், அந்த அளவுக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. ரா கோப்பு, அதாவது கேமராவில் பதிவான மூலக் கோப்பு, கேட்டால் மறுத்துவிடலாம். கோப்பின் உள்தகவலில் உங்கள் பெயர், தொடர்பு விவரம், இன்ன புத்தகத்துக்கு மட்டும் என்ற குறிப்பு மூன்றையும் பதித்து, பில்லிலும் அதே கோப்புப் பெயர்களைப் போட்டு அனுப்புங்கள்.