அப்பத்தாவின் நோட்டு: மனிதர்களைச் சேர்த்து வைப்பது எப்படி

1964இல் பர்மாவில் 50, 100 கியாட் பண நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தபோது எனக்கு மூன்று வயது. 1985இல் மறுபடியும் அப்படி ஓர் அறிவிப்பு. 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளும் போயின. அப்போது நான் ரங்கூனில் தையல் வேலை செய்துகொண்டிருந்தேன். புது மிஷின் வாங்கச் சேர்த்த பணம் முழுக்க 75 கியாட் நோட்டுகளாக அரிசி டின்னுக்குள் கிடந்தது. பதிலுக்கு ஒன்றும் தரமாட்டார்கள் என்று தெரிந்ததும் டின்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து வந்து என் மடியில் போட்டார்.

"இந்த நோட்டு செல்லும்டி. படி."

வரிக்கு ஓர் ஆள் என்று எழுதியிருந்தார். "தாட்டோன் மாமி, மூணாவது மகனுக்கு நெஞ்சுச் சளி." "பெகு டெய்லர் வீட்டம்மா, கப்பலில் போய்விட்டாள், கடுதாசி போட வேண்டும்." இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு சிலுவை. தினமும் விடியற்காலையில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பார். பொழுது விடிந்ததும் அவர்களில் ஒருவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். நல்லவன் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குச் சுதந்தரம் வைத்துப்போகிறான் என்று நீதிமொழிகள் 13:22 சொல்கிறது. அப்பத்தா எனக்கு வைத்துப்போன சுதந்தரம் அந்த நோட்டுதான். அதை வைத்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். போனில் எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. போன் போனால் அதுவும் போகும், பிள்ளைகள் கண்ணிலும் படாது. பத்துப் பெயர் எழுதினால் தாராளம். அதில் ஒரு முதியவர், ஒரு குழந்தை, ஊரைவிட்டுப் போன ஒருவர், உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் அவரைப் பற்றி ஒரு சேதி எழுதுங்கள். ரோமருக்கு எழுதின நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தைப் பெயர்ப்பட்டியல்தானே என்று தாண்டிப் போய்விடுகிறோம். நிதானமாகப் படியுங்கள். பெபேயாள் பலருக்கும் தனக்கும் ஆதரவாக இருந்தவள், பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகக் கழுத்தைக் கொடுத்தவர்கள், ரூப்பின் தாய் தனக்கும் தாய் என்று பவுல் ஆளுக்கொரு சேதி வைத்திருக்கிறார். அவர்கள் யார், தனக்கு என்ன செய்தார்கள் என்பதை அவர் மறக்கவில்லை.

அப்புறம், போய்ப் பாருங்கள். வாரத்துக்கு ஒருவர், அரைமணி நேரம் போதும். இப்போது எங்கள் தெருவில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. கரண்ட் போனதும் எல்லோரும் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். போய்ப் பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது. கை நிறையச் சாமான் கொண்டுபோகாதீர்கள், திருப்பிச் செய்ய வேண்டுமே என்று அவர்களுக்குக் கவலை வந்துவிடும். போனதும் வசனம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். முதியவர்களிடம் "எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், வந்த புதிதில் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எங்கள் சபையில் ஒரு தாத்தா இருந்தார், யாரோடும் பேசமாட்டார். நான் நாலாவது தடவை போனபோதுதான் வாய் திறந்தார். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது அசாமுக்கு நடந்துபோன கூட்டத்தில் அவருடைய அம்மாவும் அண்ணனும் இருந்தார்கள். இவருக்குக் காய்ச்சல், அதனால் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் திரும்பி வரவே இல்லை. எண்பது வயதுக்கு மேல், அண்ணன் பெயரைச் சொல்லும்போது அவருடைய கீழுதடு சின்னப் பிள்ளைக்கு நடுங்குவதுபோல நடுங்கியது. அந்த அண்ணன் பெயரை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். தாத்தா போய்விட்டார், அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

சபைக்கு வெளியே உள்ளவர்களும் நோட்டில் இருக்கட்டும். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் எங்கள் தகரக்கூரை பறந்தபோது முதலில் ஓடி வந்தவர் எதிர்வீட்டுப் பர்மிய அம்மா. புத்தர் படத்துக்குப் பூ வைக்கிறவர். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஊரே தவித்த நாட்களில் தன் வீட்டுப் பானையில் பாதியை எங்களுக்கு ஊற்றினார். நல்ல சமாரியனை எனக்குக் கண்ணால் காட்டியவர் அவர்.

பேச்சுவார்த்தை இல்லாதவர் பெயர்தான் கஷ்டம். அப்பத்தாவின் தண்டட்டி யாருக்கு என்பதில் எனக்கும் என் மதினிக்கும் சண்டை வந்து நாலு வருஷம் பேசவில்லை. ஒரே சபை, ஒரே பெஞ்சின் இரண்டு ஓரம். காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! கடைசியில் இந்த ஊர் வழக்கம்தான் கைகொடுத்தது. பர்மாவில் அந்தக் காலத்தில் வழக்கு தீர்ந்தால் இரு தரப்பும் சேர்ந்து லபெத், அதாவது புளிக்கவைத்த தேயிலை தின்பார்கள், தீர்ப்பை ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். நானும் அந்தத் தேயிலையை நடுவில் வைத்து, பொரித்த பூண்டு, வேர்க்கடலை, எள், காய்ந்த இறால் என்று சுற்றி அடுக்கிய தட்டோடு போய் நின்றேன்.

"மதினி, நான் பேசினது தப்பு."

தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உட்காரு. பூண்டைத் தனியா எடுத்து வை, உங்க அண்ணனுக்கு ஆகாது."

அவ்வளவுதான். நீங்கள் போகும்போதும் நியாயம் பேசாதீர்கள். உங்கள் தப்பை மட்டும் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். கதவு திறக்காவிட்டால் பெயரை அடிக்காமல் அடுத்த வருஷம் மறுபடி போங்கள்.

தாய்லாந்து, மலேசியா என்று வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு வைபரில் குரலில் பேசி அனுப்புங்கள். பூப்படம் போட்ட காலை வணக்கம் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "சாப்பிட்டியா? அந்த முதலாளி சம்பளம் கொடுத்தாரா?" என்று கேட்டால் போதும்.

குழந்தைகளிடம் உங்கள் கையில் இருக்கிற ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். வீட்டில் புழங்கிப் புழங்கித்தான் அது வந்திருக்கும். நான் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குத் தமிழும் காஜா எடுக்கவும் சேர்த்தே சொல்லித் தருகிறேன். ஒரு பையன் தமிழ்ப் பாட்டைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துப் பாடினான். முன்பு திட்டியிருப்பேன். இப்போது பாடட்டும் என்று விட்டுவிட்டு, வாரம் ஒரு எழுத்து மாற்றித் தருகிறேன்.

நோட்டை உயிரோடு இருக்கும்போதே ஒருவருக்குக் காட்டிவிடுங்கள். போன தவக்காலத்தில் என்னிடம் படிக்கும் பதினாலு வயதுப் பெண்ணுக்கு அப்பத்தாவின் நோட்டையும் என் நோட்டையும் காட்டினேன். ஒன்றும் பேசாமல் புரட்டிப் பார்த்தாள். அடுத்த வாரம் அவளும் ஒரு நோட்டு வாங்கி வந்தாள். முதல் வரியில் பாதி தமிழும் பாதி பர்மியுமாக இப்படி எழுதியிருந்தது: "சயாமா. முட்டி வலி. படி ஏற முடியாது. செவ்வாய் போகணும்." சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சர், அதாவது நான்.

செவ்வாய்க்கிழமை கரண்ட் இல்லை. கீழ்ப்படியிலிருந்தே "சயாமா, இறங்க வேண்டாம், நான் வரேன்" என்று கூவிக்கொண்டே மூன்று மாடி ஏறி வந்தாள்.