ஸ்டாக் எஞ்சின்லயே மியாட்டாவுக்கு டர்போ போடறீங்களா? பூஸ்ட்ட ஏத்தறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

மாஸ்தா எம்எக்ஸ்-5, அதான் எல்லாரும் மியாட்டானு சொல்ற வண்டி, அதோட முதல் ரெண்டு தலைமுறைல வந்த 1.8 எஞ்சினுக்குள்ள பிஸ்டன், கனெக்டிங் ராடு எதையும் மாத்தாம டர்போ போடலாமானு கேட்டா தாராளமா போடலாம், ஒழுங்கா செஞ்சா வருஷக்கணக்கா ஓடும். மாஸ்தாவே 2004ல டர்போ வச்சு மாஸ்தாஸ்பீட் மாடல் வித்தாங்க, 178 ஹெச்பி. ஆனா எல்லாரும் ஹெச்பி நம்பர தான் துரத்தறாங்க, இந்த எஞ்சின்ல ராட வளைக்கறது டார்க், அதாவது சுத்தற விசை.

சின்ன டர்போ போட்டு 3000, 3500 ஆர்பிஎம்லயே ஃபுல் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள்ள அமுக்கற காத்தோட அழுத்தம்) வந்துச்சுனா ஓட்ட ஜாலியா இருக்கும், ஆனா சிலிண்டருக்குள்ள பிரஷர் உச்சத்துக்கு போறது அங்க தான், மெல்லிசான ஸ்டாக் ராடு அத தாங்காது. அதே ஹெச்பிய மேல் ஆர்பிஎம்ல எடுத்தா ராடுக்கு சுமை கம்மி. என்ன கேட்டா, சக்கரத்துல அளந்து 270 நியூட்டன் மீட்டர் பக்கத்துல நிறுத்திக்கங்க, பூஸ்ட்ட படிப்படியா ஏர்ற மாதிரி செட் பண்ணுங்க.

வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் கட்டுதுனு பாக்கறது), லீக்டவுன் டெஸ்ட் (அழுத்தம் எவ்வளவு கசியுதுனு பாக்கறது) ரெண்டும் கட்டாயம், நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும், ஒண்ணு மட்டும் இறங்கி இருந்தா டர்போ காச முதல்ல எஞ்சினுக்கு செலவு பண்ணுங்க. உங்களுது பழைய 1.6னா கிராங்கோட முன் மூக்கையும் பாருங்க, 1991 நடு வரைக்கும் வந்ததுல அது குட்டையா இருக்கும், புல்லிய நிறுத்தற சாவி உக்கார்ற காடி தேஞ்சு முன் புல்லி ஆட ஆரம்பிக்கும். புல்லி ஆடுதுனா அந்த எஞ்சின்ல டர்போ போடவே போடாதீங்க.

அடுத்து டியூனிங், காச இங்க தான் கொட்டணும். ஸ்டாக் இசியூவுக்கு, அதாவது எஞ்சின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டருக்கு, பூஸ்ட்னா என்னனே தெரியாது, அதனால நம்மளே டியூன் பண்ற ஸ்டாண்டலோன் இசியூ, பெரிய இன்ஜெக்டர், புகைய வச்சு காத்து-பெட்ரோல் விகிதத்த அளக்கற வைட்பேண்ட் சென்சார் மூணும் வேணும். பூஸ்ட்ல காத்து-பெட்ரோல் விகிதம் 11.5 பக்கம் இருக்கட்டும், இக்னிஷன் டைமிங்க பின்னாடி இழுங்க, அதாவது தீப்பொறி கொஞ்சம் லேட்டா விழட்டும். நாக், அதாவது பெட்ரோல் கலவை கட்டுப்பாடு இல்லாம தானா வெடிக்கறது, வந்துச்சுனா முதல்ல உடையறது பிஸ்டன்ல ரிங்குக்கு நடுவுல இருக்கற மெல்லிசான விளிம்பு, சத்தம் நம்ம காதுக்கு கேக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். 2001ல இருந்து வந்த விவிடி (வால்வு திறக்கற நேரத்த மாத்தற) எஞ்சின்ல கம்ப்ரஷன் 10:1, முதல் 1.8ல 9:1, அதனால புதுசு வச்சிருக்கறவங்க டைமிங்ல இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். ஸ்பார்க் பிளக் ஒரு படி கூலானது போட்டு இடைவெளிய 0.7 மில்லிமீட்டருக்கு குறைங்க, இல்லனா பூஸ்ட்ல தீப்பொறி அணைஞ்சு வண்டி திக்கும்.

கூலிங் பத்தி நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. இந்த எஞ்சின் குடும்பம் முதல்ல முன்சக்கரம் ஓட்டற காருக்கு குறுக்கா வைக்க செஞ்சது, அதுல கூலண்ட் ஒரு முனைல உள்ள போய் எஞ்சினோட தலை (சிலிண்டர் ஹெட்) முழுக்க ஓடி மறு முனைல வெளிய வரும். மியாட்டால எஞ்சின நெடுக்க வச்சதும் பின்னாடி இடம் இல்லாம வெளிவர வழியையும் முன்னாடியே கொண்டு வந்துட்டாங்க, அதனால பின்னாடி இருக்கற 4வது சிலிண்டருக்கு ஓட்டம் கம்மி, சூடு ஜாஸ்தி. டேஷ்ல இருக்கற முள்ளு அத காட்டவே காட்டாது. தெர்மோஸ்டாட்ட தலையோட பின்பக்கம் மாத்தற கூலண்ட் ரீரூட் கிட் போட்டுடுங்க, கூடவே நல்ல ரேடியேட்டர். ட்ராக்ல ஓட்டறவங்களுக்கு இது இல்லாம பூஸ்ட் வேண்டவே வேண்டாம்னு தான் நான் சொல்வேன்.

டர்போவுல இருந்து ஆயில் திரும்பற ஹோஸ் தடிமனா, எங்கயும் மடங்காம, நேரா கீழ இறங்கணும், ஆயில் பேன்ல ஆயில் மட்டத்துக்கு மேல சேரணும், இல்லனா டர்போ சீல் வழியா ஆயில் கசிஞ்சு புகை கக்கும்.

எல்லாம் பூட்டினதும் வேஸ்ட்கேட் (பூஸ்ட் எல்லை மீறாம புகைய திருப்பி விடற வால்வு) ஸ்ப்ரிங் தர்ற குறைஞ்ச பூஸ்ட்ல, 6 பிஎஸ்ஐ போல, கொஞ்ச நாள் ஓட்டுங்க, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இசியூல லாக் (பதிவு) எடுங்க, பிளக்க கழட்டி பீங்கான்ல கறுப்பு புள்ளியோ அலுமினிய பொடியோ ஒட்டிருக்கானு பாருங்க. இருந்தா நாக் அடிச்சிருக்குனு அர்த்தம், டைமிங்க சரி பண்ற வரைக்கும் பூஸ்ட் பக்கமே போகாதீங்க.