பச்சை, மஞ்சள், சிவப்பு: டேஷ்போர்டு டேபிளில் நாம் சொதப்பும் இடங்கள்

திங்கட்கிழமை ரிவ்யூ முடிந்த கையோடு, பெங்களூரில் எங்கள் அல்சூர் டெலிவரி டெப்போவைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் போன் போட்டார். "அண்ணே, 92 பர்சென்ட் டைமுக்கு டெலிவரி பண்ணிருக்கோம், டார்கெட்டே 90 தானே, எங்களுக்கு எதுக்கு சிவப்பு?" ரிப்போர்ட் போட்டது நான்தான். என்னிடம் பதில் இல்லை.

எண்ணைப் பார்த்து செல்லுக்குள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்குப் போடும் எக்செல்லின் மூன்று விளக்கு ஐகான் செட்டை அப்படியே தட்டிவிட்டிருந்தேன். அது தானாக வைத்துக்கொள்ளும் எல்லைகள் 33, 67 பர்சென்ட். ஆனால் அந்த பர்சென்ட் வேறு, நம் டேபிளில் உள்ள பர்சென்ட் வேறு. இருப்பதிலேயே சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் வரை உள்ள தூரத்தில் ஒரு செல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைத்தான் அது பார்க்கிறது. எங்கள் ஆறு டெப்போக்களின் எண்கள் 92-லிருந்து 97 வரை வரிசையாக இருந்தன. 5 புள்ளி தூரத்தைக் கூறுபோட்டால் 93.65-க்குக் கீழே எல்லாம் சிவப்பு, 95.35-க்கு மேலே பச்சை. எல்லோரும் பாஸான வகுப்பில் கடைசி இரண்டு பேருக்கு ஃபெயில் போட்ட மாதிரி. டார்கெட் 90 என்பது அதற்குத் தெரியவே தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

சரி, இந்த எல்லைகளை வைத்திருக்கும் ரூலைத் திறந்து பர்சென்ட் என்பதை நம்பர் என்று மாற்றி 90 அடித்தேன். மொத்த டேபிளும் சிவப்பு! செல்லில் 92% என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது 0.92, அதனால் 0.9 என்றுதான் அடிக்க வேண்டும். இதில் அரை மணி நேரம் போனது.

டெலிவரி எண்ணிக்கை உள்ள நெடுவரிசையில் இன்னொரு கூத்து. அடியில் இருக்கும் மொத்தம் 2,300-ஐயும் சேர்த்து செலக்ட் செய்திருந்தேன். மொத்தமே பெரிய எண் ஆகிவிட, ஒயிட்ஃபீல்டு டெப்போ 410 போட்டிருந்தும் சிவப்பு, 150 போட்ட டெப்போவும் சிவப்பு. மொத்த வரியை ரூலுக்கு வெளியே விடுங்கள்.

டேஷ்போர்டு செய்யும் மென்பொருளான பவர் பிஐயில் டாக்ஸ் மெஷர் (அதன் ஃபார்முலா மொழியில் எழுதும் கணக்கு) எழுதி நிறம் கொடுப்பவர்கள் காலி செல்லைக் கவனிக்கவும். ஒப்பிடும்போது காலியை அது பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், ஆகவே இன்னும் திறக்கவே திறக்காத டெப்போவுக்கும் சிவப்பு விழும். முதலில் செல் காலியா என்று பார்க்கும் இஸ்பிளாங்க் (ISBLANK) வைத்து அதைக் கழித்துவிட்டு அப்புறம் எல்லையைப் பாருங்கள். எஸ்விஜி படமாக, அதாவது கோடாக எழுதும் படமாக, சொந்த ஐகான் வரைந்தால், நிறக் குறியீட்டின் முன்னால் வரும் ஹாஷ் (#) குறியை அப்படியே விடக்கூடாது, அதற்குப் பதில் பர்சென்ட் குறியும் 23-ம் (%23) போட வேண்டும். இல்லாவிட்டால் படம் வராது, ஏன் வரவில்லை என்றும் தெரியாது.

எங்கள் டீமில் கன்னடம், தமிழ், ஹிந்தி மூன்றும் ஓடுவதால் வார்த்தையைவிட அம்புக்குறி வசதிதான். ஆனால் புகார் எண்ணிக்கை ஏறினால் மேல் நோக்கிப் பச்சை அம்பு காட்டுவது அநியாயம். ஏறுவது நல்லதா கெட்டதா என்று ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனியாக முடிவு செய்யுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரிகிறவர்கள் இருக்கிறார்கள், அதிலும் ஆண்களில் அதிகம். கருப்பு வெள்ளை பிரிண்ட் எடுத்தால் நம் எல்லோருக்குமே அதே கதி. எக்செல்லிலேயே பச்சை வட்டம், மஞ்சள் முக்கோணம், சிவப்பு வைரம் என்று வடிவம் மாறும் செட் இருக்கிறது, நான் இப்போது அதைத்தான் போடுகிறேன். சிஎஸ்வியாக (வெறும் எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள ஃபைலாக) இறக்கினால் ஐகான் எதுவும் கூட வராது, அதனால் 'டார்கெட்டுக்குக் கீழே' என்று எழுத்தில் ஒரு நெடுவரிசையும் வைத்துவிடுகிறேன்.

எல்லா நெடுவரிசையிலும் ஐகான் வைப்பதைப் பற்றி என்ன சொல்ல! பத்து நெடுவரிசையில் விளக்கு எரிந்தால், டிராஃபிக் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற மாதிரிதான் இருக்கும்.

ரூலைச் சரிசெய்த அடுத்த வாரம் நண்பர் மறுபடி போன். டேபிளில் 90.0% என்று இருக்கிறது, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். உள்ளே இருந்தது 89.96. திரை ஒரு தசமத்தோடு ரவுண்ட் செய்து காட்டும், ரூலோ ரவுண்ட் செய்யாமல் உள்ளே இருக்கும் எண்ணையே பார்க்கும். ஃபார்முலாவிலேயே ரவுண்ட் செய்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும், இல்லையென்றால் இரண்டு தசமம் காட்ட வேண்டும். நான் இரண்டாவதைச் செய்தேன். அவர் முதலாவதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.