எம்பிராய்டரி கிட் வாங்குவதற்கு முன்னால்: மூடியில் இருக்கும் படத்தை விட்டு நூலைப் பாருங்கள்

போன வாரம் அடுத்த வீட்டுப் பெண் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தாள். கல்லூரி விடுமுறை. "சித்தி, எம்பிராய்டரி கிட் ஆர்டர் போட்டேன், இன்னைக்குத்தான் வந்துச்சு" என்று மூடியைத் திறந்து காட்டினாள். மூடியில் அழகான ரோஜாக் கொத்து. நான் படத்தைப் பார்க்கவில்லை, நேராக உள்ளே இருந்த நூலைத்தான் எடுத்தேன். பன்னிரண்டு நிறம், சின்னச் சின்னக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றியிருந்தது. ஒன்றிலும் கம்பெனிப் பெயர் இல்லை, நிறத்துக்கான நம்பர் இல்லை, எத்தனை மீட்டர் என்றும் இல்லை. 2011இல் நான் வாங்கிய பெட்டியும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது.

வீட்டில் பத்துப் பதினைந்து பேருக்குக் கை எம்பிராய்டரி சொல்லிக்கொடுக்கிறேன். நூலை நீளமாக வெட்டிச் சிக்கலாக்குவது, இறுக்கி இழுத்துத் துணியைச் சுருக்குவது, இதெல்லாம் இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும், அதைப் பற்றி எழுதப் போவதில்லை. காசும் மாசக்கணக்கான உழைப்பும் போகிற தவறுகள் ஊசியைத் தொடுவதற்கு முன்னாலேயே, கிட் வாங்கும்போதே நடந்துவிடுகின்றன.

கிராஸ் ஸ்டிச் கிட்டை வாங்கிவிட்டு ரோஜா எங்கே என்று தேடுவது

கிராஸ் ஸ்டிச், சர்ஃபேஸ் எம்பிராய்டரி இரண்டும் வேறு வேறு வேலை. கிராஸ் ஸ்டிச் என்பது கட்டத்தை எண்ணித் தைப்பது. துணியில் கோடு எதுவும் இருக்காது, தனியாக ஒரு கட்டத் தாள் இருக்கும், துணி கட்டம் கட்டமாக ஓட்டை தெரியும் மேட்டி துணி, ஊசிமுனை மொட்டையாக இருக்கும். நாம் பேசுகிற சர்ஃபேஸ் எம்பிராய்டரி, துணியில் வரைந்த கோட்டின்மேல் சங்கிலி, காம்பு, சாட்டின் (இலையையும் இதழையும் நூலால் நெருக்கமாக நிரப்பும் தையல்), லேசி டெய்சி, ஃபிரெஞ்ச் நாட் (சின்ன முடிச்சு) என்று பல தையல் போடுவது. துணி நெருக்கமாக நெய்தது, ஊசி கூரானது. தூரத்தில் எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். என்னிடம் வருகிறவர்களில் ஒருத்தி மேட்டி துணியில் சாட்டின் போட்டுப் பார்த்து, இலையின் ஓரம் படிக்கட்டு மாதிரி வருகிறதே என்று அழாத குறையாக வந்தாள். அவள் கையில் குற்றமே இல்லை. சாட்டின் ஓரம் கோட்டோடு ஒட்டி வளைய வேண்டும், அந்தத் துணியோ ஓட்டை இருக்கிற இடத்தில்தான் ஊசியை விடும்.

வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: துணியில் டிசைன் அச்சிட்டிருக்கிறதா, என்ன துணி, ஊசி கூரா மொட்டையா. மூன்றுக்கும் பதில் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

நம்பர் இல்லாத நூல்

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2011இல் தம்பி வீட்டுப் பால்காய்ப்புக்கு ஒரு மேசை விரிப்பு தைத்துக் கொடுக்க ஆசைப்பட்டேன். வெளியூர்க் கடை ஒன்றில் கிட் கிடைத்தது. வெள்ளைக் கேஸ்மெண்ட் துணி, நாலு ஓரமும் சுற்றி வரும் ஒரு கொடி, அதில் நாற்பத்து நாலு இலை. எல்லா இலையும் சாட்டின், ஒரே பச்சை. தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகு உட்கார்ந்தால் ஒரு இலை, மனது வைத்தால் இரண்டு. இருபத்தேழாவது இலை முடியும்போது பச்சை நூல் தீர்ந்துபோயிற்று. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன், இல்லை. கடைக்குப் போன் போட்டேன். "அந்த லாட் முடிஞ்சுபோச்சும்மா, இனி வராது" என்று வைத்துவிட்டார்கள். வேறு கடையில் வாங்கலாம் என்றால் எதைச் சொல்லிக் கேட்பது? நம்பர் இருந்தால்தானே.

ஒரு துண்டு நூலைத் தாளில் ஒட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். சாயங்காலம் ஆறரை மணி, கடையில் டியூப் லைட் வெளிச்சம். கடைக்காரர் பொறுமையாகப் பச்சைத் தட்டு முழுவதையும் எடுத்து வைத்தார், ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம், ஒன்று அப்படியே ஒட்டிக்கொண்டது. எது பழையது எது புதியது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. சந்தோஷமாக வந்து பாக்கிப் பதினேழு இலையையும் முடித்தேன். எல்லாம் ராத்திரி வேலை, அதே டியூப் லைட். முடித்த மறுநாள் காலையில் திண்ணையில் விரித்தால் ஒரு ஓரம் முழுக்க இலை மஞ்சள் பாய்ந்து வாடினதுபோல நிற்கிறது, மற்ற மூன்று ஓரமும் நீலம் கலந்த பச்சை. வேறு வேறு சாயத்தில் முக்கிய இரண்டு நூல் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொரு வெளிச்சத்தில் இரண்டாகவும் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நிறம் பார்ப்பதென்றால் பகல் வெளிச்சத்தில், கடை வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிறகு பழைய இலைகளில் அங்கங்கே ஒன்பதைப் பிரித்துப் புது நூலில் திரும்பத் தைத்தேன், கொடி முழுக்க இரண்டு பச்சையும் கலந்து வரட்டும் என்று. சாட்டின் பிரிப்பது என்ன வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். பின்பக்கம் கத்தரியை விட்டு வெட்டி, இழை இழையாகப் பிடுங்கி எடுத்தால் துணியில் ஊசி போன ஓட்டை வரிசையாகச் சிரிக்கும். தண்ணீர் தொட்டு நகத்தால் நீவினால் கொஞ்சம் மூடும், முழுக்க மூடாது. ஒன்பது இலைக்கு ஒன்பது ராத்திரி. பால்காய்ப்பு அதற்குள் முடிந்துவிட்டது. விரிப்பு இன்னும் தம்பி வீட்டு மேசையில் இருக்கிறது, அவன் மனைவி ஆசையாக வைத்திருக்கிறாள், பார்க்கிற யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் கண் மட்டும் அந்த ஒன்பது இலைக்குப் போய்விடும். இன்றைக்கும் நம்பர் இல்லாத நூல் போட்ட கிட்டைப் பார்த்தால் எனக்குப் பொறுப்பதில்லை. அதில் ஒரு சின்னச் சீட்டில் நம்பர் எழுதிப் போட என்ன செலவாகிவிடும்?

இது கணக்குத்தான், வாங்கும் முன்பே போட்டுவிடலாம். ஆங்கர் கம்பெனி நூல் ஒரு கண்டு, அதாவது ஒரு கட்டு, 8 மீட்டர், ஆறு இழை. இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர். அதை 45 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 53 துண்டு. ஒவ்வொரு துண்டிலும் ஆரம்பிக்கவும் முடிக்கவும் 10 சென்டிமீட்டர் போய்விடும் என்று வைத்தால் தையலுக்குக் கிடைப்பது பதினெட்டரை மீட்டர். இப்போது இலைக்கு வாருங்கள். நீளம் 4 சென்டிமீட்டர், அகலம் சராசரி 1 சென்டிமீட்டர். சாட்டின் மேலே போகிற அளவு கீழேயும் போகும், ஆக ஒரு தையலுக்கு 2 சென்டிமீட்டர் நூல். ஒரு சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு தையல் விழுந்தால் இலைக்கு 48 தையல், 96 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு ஒரு இலை. ஒரு கண்டில் பதினெட்டு இலைதான். என் நாற்பத்து நாலு இலைக்கு மூன்று கண்டு வேண்டியிருந்தது, கிட்டில் இருந்தது ஒன்றரைக் கண்டு அளவு. அன்றைக்கு இந்தக் கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை, கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் லேஸ் வேலைக்குப் போனவள். நூலை எண்ணி வாங்கி, மிச்சத்தை எண்ணித் திருப்பிக் கொடுப்பாளாம். 1819இல் நாகர்கோவில் வந்த மிஷனரி மால்ட் தம்பதியரில் அந்த அம்மா மார்த்தா பெண்களை உட்காரவைத்து லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்து நூல் கணக்குத் தெரிந்த ஊர் இது. எங்கள் குமரி மாவட்டத்து முளகுமூட்டிலும் 1897இல் வந்த பெல்ஜியம் கன்னியாஸ்திரிகளின் மடத்தில் ஊசி வேலை கற்றவர்கள் எத்தனையோ பேர். உங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பாட்டி இருப்பார். கிட்டை வாங்கிவிட்டு அவரிடம் காட்டுவதைவிட, வாங்கும் முன் படத்தைக் காட்டி நூல் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.

நம்பர் இருந்தாலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆங்கர் நம்பரும் டிஎம்சி நம்பரும் வேறு வேறு. கறுப்பு ஆங்கரில் 403, டிஎம்சியில் 310. கடையில் நம்பரை மட்டும் சொன்னால் வேறு நிறம் கைக்கு வரும். இந்த கம்பெனி நம்பருக்கு அந்த கம்பெனியில் எது என்று ஒப்பிட்டுப் போட்ட அட்டவணை கிடைக்கும், ஆனால் அது கிட்டத்தட்டப் பொருந்துகிற நிறம்தான். பாதி தைத்த இலைக்கு அதை நம்ப வேண்டாம்.

நூல் குறைகிறது என்று பாதியில் தெரிந்துவிட்டால் உடனே நிறுத்துங்கள். தீரும்வரை தைத்துவிட்டுத் தேடப் போகாதீர்கள். கையில் பாதி நூல் இருக்கும்போதே அடுத்த பச்சையை வாங்கிவிட்டால் இரண்டையும் கலந்து பரப்பலாம், பார்க்கிறவர்களுக்கு அது வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும். தீர்ந்த பிறகு வாங்கினால் ஒரு ஓரம் வாடி நிற்கும்.

சிவப்பு, கருநீலம், மெரூன்

பெயரில்லாத நூலில் இந்த மூன்றும் சாயம் இறங்கும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு விரல் நீள நூலை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டைக்குள் மடித்து, மேலே ஒரு கனமான பாத்திரத்தை வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கைக்குட்டையில் ரோஸ் கோடு விழுந்தால் அந்த நூலைத் தூக்கிப் போட்டுவிட்டு நம்பர் உள்ள நூல் வாங்குங்கள். உப்பில் ஊறவை, வினிகரில் ஊறவை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒழுங்காகப் பிடிக்காத சாயத்தை அது நிறுத்தாது.

தைத்து முடித்த துணியிலேயே சாயம் பரவிவிட்டதா, காய விடாதீர்கள், இஸ்திரி போடவே கூடாது. பச்சைத் தண்ணீரில் முக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி, தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை விடுங்கள். ஈரமாக இருக்கும்வரைதான் வாய்ப்பு.

அழியும் பேனா

கிட்டோடு வருகிற பேனாவில் மூன்று வகை உண்டு, மூன்றையும் ஒன்றாக நினைத்து மாட்டிக்கொள்கிறார்கள். நீலப் பேனா தண்ணீரில் அழியும். அதன்மேல் முதலில் இஸ்திரிப் பெட்டி பட்டால் கோடு நிரந்தரமாக நின்றுவிடும், ஆகவே முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் சூடு. ஊதாப் பேனா காற்றிலேயே அழிந்துவிடும், நம் ஊர் மழைக்கால ஈரத்தில் இன்னும் சீக்கிரம், காலையில் வரைந்தது சாயங்காலம் இருக்காது. மூன்றாவது, சூட்டில் மறையும் பேனா. இஸ்திரி போட்டவுடன் மறைந்துவிடும், மந்திரம் போல இருக்கும். ஆனால் அது மறைந்துதான் இருக்கிறது, போகவில்லை. பூஜ்யத்துக்குப் பத்து இருபது டிகிரி கீழே குளிர் போனால் கோடு திரும்ப வரும். நமக்கு அந்தக் குளிர் ஏது என்று விட்டுவிடாதீர்கள், கனடாவில் இருக்கும் அக்காவுக்குத் தைத்து அனுப்புகிறவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் உண்டு.

டிசைனைத் துணியில் பதிக்க எழுதுகிற கார்பன் தாள் வேண்டவே வேண்டாம். போகாது.

ஊசி

நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். இரண்டு இழைக்கு 8 அல்லது 9 சரி. கடற்காற்று ஊரில் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் போகாதீர்கள், குளச்சல் பக்கத்திலிருந்து வருகிற ஒருத்தியின் தலையணை உறையில் ஒரே வாரத்தில் துருப் புள்ளி விழுந்து, அதன்மேல் ஒரு ஃபிரெஞ்ச் நாட் போட்டு மறைத்தோம்.

ஃபிரேம்

துணியை இழுத்துப் பிடிக்கும் இந்த வளையத்தை எழுந்து போகும்போது கழற்றிவிடுங்கள்.

கோணலாக அச்சடித்த துணி

துணியின் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவிப் பாருங்கள். அந்த நேர் இழைக்கும் அச்சிட்ட டிசைனுக்கும் கோணல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். எவ்வளவு அழகாகத் தைத்தாலும் துவைத்த பிறகு தலையணை உறை முறுக்கிக்கொள்ளும்.

முதல் கிட்டே மேசை விரிப்பு

வேண்டாம். ஒரு கைக்குட்டை.

கிட் இல்லாமலே

உண்மையைச் சொன்னால் இப்போதெல்லாம் நான் கிட் வாங்கச் சொல்வதே இல்லை. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தையல் சாமான் கடைக்கு ஒரு தடவை போனால் முடிந்தது. அரை மீட்டர் கேஸ்மெண்ட், அதை வீட்டில் ஒரு தடவை துவைத்துச் சுருக்கிவிட்டு இஸ்திரி போடுங்கள். ஆறு இன்ச் மர ஃபிரேம், ஒரு பாக்கெட் ஊசி, டிசைனுக்கு வேண்டிய நிறங்கள் மட்டும், அதிகம் ஓடுகிற நிறத்தில் ஒரு கண்டு கூடுதலாக. நூலைச் சுற்றியிருக்கும் தாள் வளையத்தைக் கழற்றி எறியாமல் ஒரு நோட்டில் ஒட்டிப் பக்கத்தில் நம்பரை எழுதிவையுங்கள். என் நோட்டு 2012இல் ஆரம்பித்தது, இப்போது மூன்றாவது நோட்டு.

அடுத்த வீட்டுப் பெண்ணின் கிட்டை அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் பிரித்து வைத்து, இஞ்ச் டேப்பில் ஒவ்வொரு நூலாக அளந்தோம். பச்சை 5 மீட்டர் 20 சென்டிமீட்டர், இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் அதுபோல மூன்று மடங்கு, படத்தில் பதினொரு இலை, போதும், மிச்சம் ஒரு இலைக்குத்தான் வரும். சிவப்பைக் கைக்குட்டையில் வைத்தோம், பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ரோஸ் கோடு. "இதை வைக்காத மக்ளே" என்று என் பெட்டியிலிருந்து ஆங்கர் 46 இரண்டு கண்டு எடுத்துக் கொடுத்தேன். நேற்று ராத்திரி முதல் இதழை முடித்து போட்டோ அனுப்பியிருந்தாள். ஓரம் நன்றாக வந்திருக்கிறது. பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.