ஆர்.வி.யில் தெற்கே குளிர்காலம்: கிளம்புமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் வந்துவிட்டால் கனடாவின் ஒண்டாரியோ, அமெரிக்காவின் மிச்சிகன் பக்கத்து நெடுஞ்சாலைகளில் ஆர்.வி.க்கள், அதாவது வீடுபோலத் தங்கிப் பயணிக்கும் மோட்டார்ஹோம்களும் டிரெய்லர்களும், தெற்கு நோக்கி வரிசை கட்டும். புளோரிடாவிலோ அரிசோனாவிலோ டெக்சாஸின் தென்கோடியிலோ நாலைந்து மாதம் தங்கிவிட்டு ஏப்ரலில் திரும்புகிற இவர்களை ஸ்நோபேர்டுகள் என்பார்கள். பிள்ளைகள் வளர்ந்து, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற நம்மவர்கள் சிலரும் இப்போது இதில் இறங்குகிறார்கள். போகிற இடத்தை அலசுவதில் யாரும் குறை வைப்பதில்லை. கடற்கரை எவ்வளவு தூரம், பக்கத்தில் இந்தியக் கடை உண்டா, இணையம் வருமா என்று மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். ஆனால் பணமும் நிம்மதியும் பறிபோவது பெரும்பாலும் நடுவழியிலும் காகிதங்களிலும்தான்.

தெற்கு என்றாலே வெயில் என்று நம்புவது

அரிசோனா பாலைவனம்தானே, குளிர் எங்கே இருக்கப்போகிறது என்று நினைத்து ஐ-40 நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் பனிப்புயலில் மாட்டிக்கொள்வார்கள். அந்த ஊர் கிட்டத்தட்ட 6,900 அடி உயரத்தில் இருக்கிறது; ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு மீட்டருக்கு மேல் பனி கொட்டும். அங்கிருந்து இரண்டரை மணி நேரத் தொலைவிலுள்ள ஃபீனிக்ஸ் 1,100 அடிதான். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் ஊர் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதோடு கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றும் பார்க்க வேண்டும். ஜனவரியில் அரிசோனா போவதானால், டெக்சாஸ் வரை இறங்கி ஐ-20, ஐ-10 வழியாகப் போவது சுற்றுத்தான். ஆனாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

தாழ்வான இடங்களிலும் முழு உத்தரவாதம் கிடையாது. அரிசோனாவின் யூமா, குவார்ட்சைட் பக்கம் ஜனவரிப் பகல் 20 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும். இரவில் 5 டிகிரிக்கு இறங்கிவிடும். சில நாள் அதற்கும் கீழே. புளோரிடாவிலும் வடக்கு வேறு, தெற்கு வேறு. 2025 ஜனவரியில் மாநிலத்தின் வடமேற்குக் கோடியில் மில்டன் என்ற ஊரில் சுமார் 25 செ.மீ. பனி விழுந்து மாநில சாதனையே ஆனது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸின் பெரும்பகுதியில் மின்சாரம் படுத்தபோது, மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கும் உறைந்தது. ஆகவே எங்கே போனாலும் இரண்டு மூன்று உறைபனி இரவுகளைத் தாங்கும் ஏற்பாடு வண்டியில் இருக்கட்டும்.

வீட்டு வாசலிலேயே தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்புவது

புதிதாக வண்டி வாங்கியவர்கள் செய்யும் மிக விலை உயர்ந்த தவறு இதுதான். குளிர்காலத்துக்கு மூடிவைத்த வண்டியின் குழாய்களில் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவம் இருக்கும். கிளம்பும் உற்சாகத்தில் அதை வெளியேற்றிவிட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஒஹாயோ தாண்டுவதற்குள் வெளியே மைனஸ் 12. வண்டிக்குள் சூடு இருந்தாலும் தரைக்குக் கீழே ஓடும் குழாய், வெளிப்புற ஷவர், பம்ப்பின் இணைப்பு எல்லாம் வெறும் குளிரில்தான் இருக்கின்றன. உறையும்போது எதுவும் தெரியாது. ஜார்ஜியா போய் வெயில் பட்டதும்தான் தரைவிரிப்பின் ஓரம் ஈரமாகும், அலமாரிக்குள்ளே சொட்டுச் சத்தம் கேட்கும்.

வழக்கமாகப் போகிறவர்கள் அந்தத் திரவத்தை அப்படியே விட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். குடிக்கவும் சமைக்கவும் வண்டிக்குள் கேன்களில் தண்ணீர். கழிவறையில் ஊற்ற அதே இளஞ்சிவப்புத் திரவத்தில் கொஞ்சம். ஜார்ஜியாவில் மேக்கன் போன்ற ஓர் ஊரைத் தாண்டி, இரவிலும் உறையாத இடம் வந்த பிறகு ஒவ்வொரு குழாயாகத் திறந்து, சாயம் போகும் வரை தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். அப்புறம் தொட்டியில் 15 கேலனுக்குக் கால் கப் கணக்கில் வாசனை சேர்க்காத ப்ளீச் கலந்து, எல்லாக் குழாயிலும் அது வரும்வரை ஓடவிட்டு, சில மணி நேரம் வைத்திருந்து மறுபடி அலசினால் குடிக்கத் தயார்.

இதில் ஒரு கண்ணி உண்டு. மூடிவைக்கும்போது ஒரு வால்வைத் திருப்பி வாட்டர் ஹீட்டரைத் தண்ணீர்ப் பாதையிலிருந்து விலக்கிவைத்திருப்பார்கள். பெட்டி காலியாக இருக்கும். வந்து சேர்ந்த களைப்பில் அந்த வால்வைத் திருப்ப மறந்துவிட்டு மின்சார ஸ்விட்சைப் போட்டால், உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி சீக்கிரமே கருகிவிடும். வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அந்த ஸ்விட்சில் கை வைக்க வேண்டும். இன்னொன்று: மோட்டார் வாகனக் கடையில் கிடைக்கும் ரேடியேட்டர் கூலன்ட்டைத் தண்ணீர்க் குழாயில் ஊற்றவே கூடாது. அதில் வழக்கமாக உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். ஆர்.வி.க்கென்று விற்பதுதான் சரி.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போதே கழிவையும் சொல்லிவிடலாம், முகம் சுளித்தாலும். தண்ணீர், மின்சாரம், கழிவுக்குழாய் என முழு இணைப்பு உள்ள இடத்தில் கழிவறைத் தொட்டியின் வால்வை நிரந்தரமாகத் திறந்தே வைப்பவர்கள் உண்டு. திரவம் ஓடிவிடும், கெட்டியானது அப்படியே தங்கிக் கூம்பாக வளர்ந்து காய்ந்துவிடும். மூடியே வைத்து, முக்கால் பங்கு நிரம்பியதும் திறக்க வேண்டும். முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர்த் தொட்டி. அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும்.

அரிசி மூட்டையும் கிரைண்டரும்

நாலு மாதத்துக்கு வேண்டியதை எல்லாம் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நமக்கு அதிகம். 40 பவுண்டு அரிசி மூட்டை நாலு, வெட் கிரைண்டர், குக்கர்கள், ஊறுகாய் ஜாடி. இடம் இருக்கிறதே என்று அடுக்குவார்கள்; வண்டி எவ்வளவு எடை தாங்கும் என்று பார்ப்பதில்லை. வாசற்கதவின் உள்பக்கத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்கள் உட்பட, அல்லது சரக்கு மட்டும், எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கும். 100 கேலன் தொட்டி முழுக்கத் தண்ணீர் என்றால் அதுவே 378 கிலோ. லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடையில் ஒரு முறை ஏறி இறங்கினால், ஒவ்வொரு அச்சின் எடையும் அச்சிட்ட காகிதம் கையில் கிடைக்கும். சாப்பாட்டுச் செலவுகூட ஆகாது. தைரியமாகச் சொல்கிறேன், முதல் முறை ஏறும் பலர் அதிர்ந்துபோவார்கள்.

டயரும் இதோடு சேர்ந்ததுதான். ஆர்.வி. டயர் தேய்ந்து போவதைவிட வயதாகிப் போவதே அதிகம். சாலையில் படும் வரிப்பள்ளம் எல்லாம் புதிதுபோல இருக்கும். பக்கவாட்டு ரப்பர் வெயிலில் வெடித்திருக்கும். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஆறேழு வருடம் ஆகியிருந்தால் பாலைவன நெடுஞ்சாலையில் சோதித்துப் பார்க்க வேண்டாம். அது வெடித்தால் டயரோடு போகாது, சக்கரத்துக்கு மேலே உள்ள தரையையும் குழாயையும் பிய்த்துக்கொண்டு போகும்.

காருக்கான வழிகாட்டியை நம்புவது

கார் ஓட்டும்போது கைபேசி காட்டும் வழி மோட்டார்ஹோமுக்கு உதவாது. வட கரோலைனாவின் டர்ஹாம் ஊரில் ஒரு ரயில் பாலம் 11 அடி 8 அங்குல உயரத்தில் நின்று எத்தனையோ லாரிகளின் கூரையைச் சீவித் தள்ளியது. 2019-இல் 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தினார்கள். கூரையில் ஏ.சி. பெட்டி உள்ள மோட்டார்ஹோம்கள் பலவற்றுக்கு அந்த உயரமும் போதாது. கனடாவில் மீட்டரில் பழகியவர்கள், ஏ.சி. பெட்டியையும் சேர்த்து அளந்து, அடிக்கணக்கில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக்கொள்வது நல்லது.

கிழக்குக் கடற்கரை வழியாக ஐ-95-இல் போகிறவர்களுக்கு பால்டிமோர் ஒரு பொறி. அங்கே துறைமுகத்துக்குக் கீழே போகும் சுரங்கங்களில், ஆர்.வி.யில் வழக்கமாக இருக்கும் அளவு புரொபேன் சிலிண்டருடன் போகக் கூடாது. முன்பெல்லாம் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகச் சுற்றிப் போவார்கள். 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி அது இடிந்த பிறகு, நகரின் மேற்குப் பக்கமாக ஐ-695-ஐப் பிடிப்பதுதான் வழி.

ஒரே பிளக்கில் எல்லாம்

30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். சிறிய மின்சார ஹீட்டர் 1,500, வாட்டர் ஹீட்டர் 1,400, ரைஸ் குக்கர் 700. கூட்டிப் பாருங்கள், சரியாக எல்லையில் நிற்கிறது. மைக்ரோவேவ் போட்டதும் பிரேக்கர் விழும். விழுந்தால் நல்லது. விழாமல் பழைய நீட்டிப்பு வயரில் பிளக் பழுப்பேறி உருகுவதுதான் ஆபத்து. குளிருகிறதே என்று சமையல் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குவது அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதைக் கண்டு ஒலிக்கும் அலாரத்துக்கும் ஆயுள் உண்டு; கழற்றிப் பின்பக்கத்தில் அச்சிட்ட தேதியைப் பார்த்தால் தெரியும்.

நாட்களைத் தவறாக எண்ணுவது

கனடியர்கள் அமெரிக்காவில் ஆறு மாதம் தங்கலாம் என்ற ஒற்றை வரியை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். நிஜத்தில் மூன்று கணக்குகள் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று, எல்லை அதிகாரி அனுமதிக்கும் காலம். நடுவில் யூமாவுக்கு அருகே மெக்சிகோ பக்கம் லாஸ் அல்கோடோனஸில் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தால் அந்தக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும் என்பது வெறும் பேச்சு. 2025 ஏப்ரல் முதல், நுழைந்தபோது ஐ-94 என்ற வருகைப் பதிவு கிடைக்காமல் 30 நாளோ அதற்கு மேலோ தங்குபவர்கள் அமெரிக்கக் குடிவரவுத் துறையில் பதிவும் செய்ய வேண்டும்.

இரண்டாவது அமெரிக்க வரிக் கணக்கு. அங்கே இருந்த நாட்களில் இந்த வருடத்தவை முழுசாக, போன வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தின வருடத்தில் ஆறில் ஒரு பங்கு. கூட்டினால் 183-ஐத் தொடக் கூடாது. வருடத்துக்கு 120 நாள் போகிறவருக்கு 120, 40, 20 என்று 180 வரும், தப்பித்தார். 150 நாள் போகிறவருக்கு 225. அவர் அமெரிக்க வரித்துறைக்கு 8840 படிவத்தை ஜூன் 15-க்குள் அனுப்பி, தன் வாழ்க்கையும் வீடும் கனடாவில்தான் என்று காட்ட வேண்டும். நுழையும் நாளும் கிளம்பும் நாளும் முழு நாள்தான். கோடையில் பஃபலோவுக்குச் சாமான் வாங்கப் போன நாட்களும் இதில் சேரும், அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

மூன்றாவது மாகாண மருத்துவக் காப்பீடு. ஒண்டாரியோவில் எந்த 12 மாதத்திலும் 212 நாள் வரை வெளியே இருக்கலாம். கியூபெக்கில் அது ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாளைத் தொடக் கூடாது. இன்னொன்றும் கவனியுங்கள்: கனடாவின் நிரந்தர வதிவிட (பி.ஆர்.) அட்டை மட்டும் வைத்திருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்குக் கனடியருக்கான விசா விலக்கு கிடையாது.

அப்புறம் கறிவேப்பிலை. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்தச் செடியிலும் வாழும். குளிர்பெட்டியில் இருப்பதை வாயால் அறிவித்துவிட்டால் பிடுங்கிப் போடுவதோடு முடியும். மறைத்தால் அபராதம்.

அக்டோபரில் மாத்திரையை மாற்றுவது

அமெரிக்க மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால் ஒண்டாரியோ காப்பீடு ஒரு நாளுக்கு அதிகபட்சம் 400 கனடிய டாலர்தான் தரும். பில் ஆயிரக்கணக்கில் வரும். அதனால் எல்லோரும் பயணக் காப்பீடு எடுக்கிறார்கள், சரி. ஆனால் அதிலுள்ள நிலைத்தன்மை நிபந்தனையைப் படிப்பதில்லை. ஏற்கெனவே உள்ள நோய், கிளம்புவதற்கு முன் 90 நாளோ 180 நாளோ மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்பது அது. ரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவர் குறைத்தால்கூடப் பல திட்டங்களில் அது மாற்றம்தான். நல்ல செய்தி என்று வீட்டுக்கு வந்து நவம்பரில் கிளம்பினால், ஜனவரியில் நெஞ்சுவலிக்குக் கேட்கும் பணம் மறுக்கப்படலாம். மருத்துவப் பரிசோதனையைக் கோடையிலேயே முடித்துவிடுங்கள். மாத்திரை மாறினால் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

தாமதமாக இடம் தேடுவதும் சீக்கிரம் திரும்புவதும்

புளோரிடா மாநிலப் பூங்காக்களில் உள்ளூர்வாசிகளுக்கு 11 மாதம் முன்பே பதிவு திறக்கும்; வெளியாருக்கு 10 மாதம் முன்பு. அந்த ஒரு மாதத்தில் கடலோர இடங்கள் பெரும்பாலும் போய்விடும், அதையே நம்பி இருக்காதீர்கள். தனியார் பூங்காக்களில் 10 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் சேர்க்காதவை உண்டு. பல இடங்களில் 55 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இவை எதுவும் ஒத்துவராதவர்களுக்குக் குவார்ட்சைட் பக்கம் மத்திய அரசின் பாலைவன நிலம் இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான பருவ அனுமதி பல ஆண்டுகளாக 180 டாலராக இருந்தது. வண்டிக்குக் குழாய், மின்சாரம் எதுவும் தர மாட்டார்கள். சூரியத்தகடும் பொறுமையும் உள்ளவர்களுக்குத்தான் அது.

திரும்பும்போது டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தெற்கே விற்கும் டீசல் குளிருக்கென்று கலந்தது அல்ல. மார்ச் மாதத்தில் அங்கே தொட்டியை முழுக்க நிரப்பிக்கொண்டு வடக்கே வந்து ஓர் இரவு நிறுத்தினால், காலையில் டீசல் மெழுகுபோல் திரண்டு வடிகட்டியை அடைத்திருக்கும். கென்டக்கி வரும்போது தொட்டி கால்வாசிக்கு வரும்படி பார்த்துக்கொண்டு, அங்கே நிரப்புங்கள். உறைதடுப்புச் சேர்மானம் ஊற்றுவதானால் டீசல் திரள்வதற்கு முன்பே ஊற்ற வேண்டும். திரண்ட பிறகு அது வேலை செய்யாது.