வாக்குச்சீட்டில் ஆம்புலன்ஸ் வரி: முதல்முறை வாக்களிப்பவர்களுக்கு

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, சியாட்டில் பக்கம் பெல்வியூவிலோ ரெட்மண்டிலோ வீடும் வாங்கியிருக்கிறீர்கள். முதல் வாக்குச்சீட்டைப் பிரித்தால் வேட்பாளர்களோடு சில சொத்து வரிகளும் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கு ஒன்று, பூங்காவுக்கு ஒன்று, அவசர மருத்துவச் சேவைக்கு ஒன்று. தமிழ்நாட்டில் 108 வண்டிக்கு அரசு பணம் போடுகிறது. அதற்கு யாரும் நம்மிடம் வாக்குக் கேட்டதில்லை. இங்கே கேட்கிறார்கள். சியாட்டிலும் இந்த ஊர்களும் இருக்கும் கிங் கவுண்ட்டியில் அவசர மருத்துவச் சேவைக்கு 'மெடிக் ஒன்' என்று பெயர். அதற்கான வரியை வைத்து, இதை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம்.

படி 1: பணம் எதற்கு என்று பாருங்கள்

ஆம்புலன்ஸ்காரர்கள்தான் ஆயிரக்கணக்கில் பில் அனுப்புகிறார்களே, அப்புறம் வரி எதற்கு? நியாயமான கேள்விதான். மெடிகேரும் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் பெரும்பாலும் நோயாளியை வண்டியில் ஏற்றி மருத்துவமனையில் இறக்கினால்தான் பணம் தரும். ராத்திரி 3 மணிக்கு அழைப்பே வராமல் நிலையத்தில் தயாராக இருக்கும் இரண்டு பாராமெடிக்குகளுக்கு (உயர்பயிற்சி பெற்ற அவசர மருத்துவ ஊழியர்கள்) யார் சம்பளம் கொடுப்பது? அந்தக் காத்திருப்புக்குத்தான் இந்த வரி.

மெடிக் ஒன் 1970-இல் சியாட்டில் தீயணைப்புத் துறையும் ஹார்பர்வியூ மருத்துவமனையும் சேர்ந்து தொடங்கியது. தீயணைப்புத் தலைவர் கார்டன் விக்கரி, இதய மருத்துவர் லெனர்ட் காப் இருவரும்தான் முன்னின்றவர்கள். கவுண்ட்டி முழுக்க வரி வசூல் வந்தது 1979 வாக்கெடுப்புக்குப் பிறகு. 911-ஐ அழைத்தால் முதலில் வருவது பக்கத்துத் தீயணைப்பு வீரர்கள்; மாரடைப்பு போலப் பெரிய ஆபத்தென்றால் பாராமெடிக்குகளும் வருவார்கள். பாராமெடிக் வண்டியில் கொண்டுபோனால் நோயாளிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சாதாரணக் கேஸில் தனியார் ஆம்புலன்ஸில் ஏற்றினால் பில் வரும். வரிதான் கட்டுகிறோமே என்று நம்பியிருந்து, பில் வந்ததும் கோபப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

படி 2: உங்கள் வீட்டுக்கு எவ்வளவு?

இந்தப் படியில் மட்டும் நிதானமாக இருங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் விகிதத்தை 1,000 டாலர் மதிப்புக்கு இத்தனை சென்ட் என்று எழுதுவார்கள். சட்டப்படி உச்சவரம்பு 50 சென்ட். 2025-இல் கிங் கவுண்ட்டியில் வாக்குக்கு வந்தது 25 சென்ட்.

சொத்துகளுக்கு மதிப்புப் போடும் அசெஸர் அலுவலகம் உங்கள் வீட்டுக்கு 8,00,000 டாலர் மதிப்புப் போட்டிருந்தால், அதை 1,000-ஆல் வகுத்தால் 800. 800-ஐ 0.25-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 200 டாலர். நீங்கள் வாங்கிய விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அசெஸர் போட்ட மதிப்புதான் கணக்கு. பெருக்கச் சோம்பலாக இருந்தால் அசெஸர் தளத்தில் 'டாக்ஸ் டிரான்ஸ்பரன்ஸி டூல்' இருக்கிறது. அதில் உங்கள் வீட்டைத் தேடினால், வாக்குக்கு வரும் வரி உங்களுக்கு எவ்வளவு என்று அதுவே காட்டும்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள், விகிதம் எத்தனை டாலர் மதிப்புக்கு என்பதைக் கவனியுங்கள். டெக்சஸில் அவசரச் சேவை மாவட்டங்களின் வரியை 100 டாலர் மதிப்புக்கு இத்தனை என்று சொல்வார்கள். உச்சவரம்பு 10 சென்ட். 25-ஐ விட 10 சின்ன எண்தான். ஆனால் 4,00,000 டாலர் வீட்டுக்கு, விலக்குகளைக் கழிக்காமல் பார்த்தால், அது 400 டாலர். ஒஹாயோவில் 'மில்' என்பார்கள். ஒரு மில் என்றால் 1,000-க்கு ஒரு டாலர். ஆனால் சந்தை மதிப்பில் 35 சதவீதத்துக்குத்தான் வரி. 2,00,000 டாலர் வீட்டுக்கு 3 மில் புது வரி என்றால் 70,000-க்குக் கணக்கிட்டு 210 டாலர். விகிதத்தை மட்டும் பார்த்து 'கம்மிதானே' என்றோ 'கொள்ளை' என்றோ சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

படி 3: புதிதா, நீட்டிப்பா?

வாஷிங்டனில் இந்த வரி 6 ஆண்டு, 10 ஆண்டு, நிரந்தரம் என மூன்று வகை. கிங் கவுண்ட்டியில் 6 ஆண்டு. முதல்முறை கொண்டுவர 60 சதவீத ஆதரவு வேண்டும். இடைவெளி விடாமல் நீட்டிக்கப் பாதிக்கு மேல் இருந்தால் போதும்.

நீட்டிப்பென்றால் பழைய தொகையே தொடரும் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-இல் கேட்டது 26.5 சென்ட், 2025-இல் கேட்டது 25 சென்ட். குறைந்த மாதிரி தெரிகிறது. ஆனால் மாநிலச் சட்டப்படி, புதுக் கட்டடங்கள் நீங்கலாக, மொத்த வசூல் ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் கூட முடியாது. வீட்டு மதிப்புகள் எகிறியபோது விகிதம் தானாக இறங்கிக்கொண்டே வந்து, 2025-க்குள் 25-க்கும் கீழே போய்விட்டது. அதனால் அந்த வாக்கெடுப்பில் 'முன்பு ஒப்புதல் தந்ததைவிடக் குறைவு' என்று ஆதரவாளர்கள் சொன்னாலும் உண்மை, 'இப்போது கட்டுவதைவிட அதிகம்' என்று எதிர்ப்பாளர்கள் சொன்னாலும் உண்மை. சம்பளமும் மருந்து விலையும் 1 சதவீதத்தில் நிற்பதில்லை என்பதால், ஒவ்வொரு நீட்டிப்பிலும் விகிதத்தைத் திரும்ப ஏற்றிக் கேட்பார்கள். அதில் ஒளிவுமறைவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வாக்காளர் கையேட்டில் இதை இன்னும் பளிச்சென்று எழுதலாம்.

படி 4: யார் கட்டுகிறார்கள், யார் வாக்களிக்கலாம்?

எச்-1பி விசாவில் இருந்தாலும் வீடு உங்கள் பெயரில் இருந்தால் வரி உண்டு. பலருக்கு எஸ்க்ரோ (வீட்டுக் கடன் தவணையோடு வரிப் பணத்தையும் சேர்த்து வாங்கி வைக்கும் கணக்கு) வழியாக வங்கியே கட்டிவிடுவதால் கண்ணில் படாது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு அது வாடகைக்குள் ஒளிந்து வரும். வாக்கு மட்டும் குடிமக்களுக்குத்தான். கிரீன் கார்டுகாரர்கள் தெரியாமல்கூடப் பதிவுசெய்துவிடாதீர்கள். நாடு கடத்தும் அளவுக்குப் போகும்.

வீட்டில் 61 வயதோ அதற்கு மேலோ ஆன அப்பா அம்மாவின் பெயரில் வீடு இருந்து, வருமானம் வரம்புக்குள் இருந்தால் சொத்து வரியில் ஒரு பகுதிக்கு விலக்கு கிடைக்கும். அதற்கு அசெஸரிடம் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது.

படி 5: வாக்களியுங்கள்

தேர்தலுக்குக் குறைந்தது 18 நாள் முன்பு வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்புவார்கள். தனியாகத் தபாலில் வரும் வாக்காளர் கையேட்டில் ஆதரவு, எதிர்ப்பு இரண்டு பக்க வாதங்களும் இருக்கும். வாட்ஸ்அப் குழுவைவிட அது மேல். வட்டத்தை நிரப்பி, உறையில் கையெழுத்துப் போட்டு, தபாலில் போடுங்கள் (ஸ்டாம்ப் வேண்டாம்). அல்லது தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் டிராப் பாக்ஸில் (தேர்தல் அலுவலகம் வைத்திருக்கும் வாக்குப் பெட்டி) போடுங்கள்.

நம்மவர்கள் சறுக்கும் இடம் கையெழுத்து. வாக்காளர் பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதில் ஆங்கிலத்தில் இருந்து, உறையில் தமிழில் போட்டால் பொருந்தாது. அப்படி ஆனால் தேர்தல் அலுவலகம் கடிதம் அனுப்பும். அதில் சொன்ன தேதிக்குள் பதில் அனுப்பினால் வாக்கை எண்ணிவிடுவார்கள்.