கலங்குவது வேறு, கரைவது வேறு: மஞ்சள்தூள் சொல்லித்தரும் வேதியியல்

தண்ணீரில் மஞ்சள்தூளைக் கலக்கினால் டம்ளர் முழுக்க மஞ்சளாகிறது. உடனே "கரைந்துவிட்டது" என்கிறோம். உண்மையில் அது கலங்கித்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், முனைவுத்தன்மை என்ற சொல் பிறகு மிரட்டாது.

தேவையானவை: ஆறு சிறிய கண்ணாடி டம்ளர்கள், தண்ணீர், தேங்காய் எண்ணெய், மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட், உப்பு, மஞ்சள்தூள். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் சொந்த மஞ்சள் நிறம் நம்மை ஏமாற்றிவிடும். ஸ்பிரிட் சட்டெனத் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் இல்லாத காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சிறுவர்கள் என்றால் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். எதையும் வாயில் வைக்கக் கூடாது.

படி 1: மூன்று டம்ளர்களில் தண்ணீர், எண்ணெய், ஸ்பிரிட் ஆகியவற்றைக் கால் பங்கு ஊற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்குங்கள். தண்ணீரில் உப்பு மறைந்துவிடும். எண்ணெயில் அப்படியே அடியில் கிடக்கும். ஸ்பிரிட்டிலும் பெரும்பகுதி அப்படித்தான்.

தண்ணீர் மூலக்கூறு நேர்க்கோடாக இல்லாமல் 104.5 பாகையில் வளைந்திருக்கிறது. அதன் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் கொண்டது. இதுதான் முனைவுத்தன்மை. உப்பில் இருப்பவை சோடியம் நேர் அயனியும் குளோரைடு எதிர் அயனியும் (அயனி என்றால் மின்னூட்டம் கொண்ட அணு). தண்ணீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்து, படிகத்திலிருந்து பிரித்து இழுத்துக்கொண்டு போகின்றன. எண்ணெய் மூலக்கூறின் நீண்ட கார்பன் சங்கிலிகளில் அப்படி இழுக்கும் முனைகள் இல்லை.

படி 2: மற்ற மூன்று டம்ளர்களிலும் அதே மூன்று திரவங்களை ஊற்றி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுக் கலக்குங்கள். தட்டால் மூடி, ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். பொறுமை இங்கேதான் தேவை.

படி 3: காலையில் டம்ளருக்குப் பின்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீரில் தூள் பெரும்பாலும் அடியில் படிந்து, மேலே நிறம் வெளுத்திருக்கும். எண்ணெய் பொன்னிறமாகியிருக்கும். ஸ்பிரிட்டோ அடர்ந்த மஞ்சள்; ஆனாலும் அதன் ஊடே எழுத்துகள் தெரியும். கரைசல் என்பது இதுதான்! நிறம் தரும் குர்குமின் மூலக்கூறின் பெரும்பகுதி முனைவற்றது. அதனால் தண்ணீரோடு ஒட்டாமல் எண்ணெயோடு சேர்கிறது. ஸ்பிரிட்டில் உள்ள எத்தனாலுக்கு ஒரு முனை தண்ணீரைப் போன்றது, மறுமுனை எண்ணெயைப் போன்றது. எனவே அதில் இன்னும் நன்றாகக் கரைகிறது. அங்கும் அடியில் வண்டல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது மஞ்சளில் உள்ள மாவுச்சத்தும் நாரும்.

படி 4: எண்ணெய் டம்ளரைத் தண்ணீரில் மட்டும் கழுவிப் பாருங்கள், பிசுக்கு போகாது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பற்றிக்கொள்வதால் சோப்பு போட்டதும் போய்விடும். அப்போது மஞ்சள் திடீரென்று சிவந்தால் பயப்பட வேண்டாம். சோப்பின் காரத்தன்மை பட்டால் குர்குமின் சிவக்கும். நலங்குக்கு ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பது இதனால்தான்.